ஹரிகேன் வருகிறது, கிளம்பலாமா? ஹூஸ்டன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் 1 பிறந்தால் நவம்பர் 30 வரை டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் எங்களுக்குப் புயல் காலம். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு சுழி தென்பட்டதும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருப்பவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாங்கள் இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரீட்டா புயலுக்குப் பயந்து ஓடியிருக்கிறோம், ஐக்கின்போது வீட்டிலேயே இருந்திருக்கிறோம், ஹார்வியில் தண்ணீர் எங்கள் வாசற்படி வரை ஏறி நின்றதைப் பார்த்திருக்கிறோம், பெரிலில் எட்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்திருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிற பதில்கள் இவை.

ஹரிகேன் என்றால் நம் ஊர்ப் புயல்தானே?

அதேதான். வங்கக் கடலில் உருவானால் புயல், அட்லாண்டிக்கில் உருவாகிக் காற்று மணிக்கு 74 மைலைத் தொட்டால் ஹரிகேன். பெரிய வித்தியாசம் ஜனங்கள் வெளியேறும் விதத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம், கடலூர்க் கரையோரத்தில் புயல் என்றால் பஸ் வரும், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்திலோ புயல் பாதுகாப்பு மையத்திலோ கொண்டுபோய்த் தங்கவைப்பார்கள். இங்கே அவரவர் கார், அவரவர் முடிவு. முடிவைத் தப்பாக எடுத்தால் புயலைவிட ரோடு ஆபத்தாகிவிடும்.

எங்கள் வீடு கிளம்ப வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் ஜிப் கோடுதான் (நம் ஊர்ப் பின்கோடு மாதிரி) சொல்லும். ஹூஸ்டன்–கால்வஸ்டன் பகுதியைக் கடற்கரை மண்டலம், ஏ, பி, சி என்று ஜிப் கோடு வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் கடற்கரையை ஒட்டியவர்கள் கிளம்ப வேண்டும், அப்புறம் ஏ, அப்புறம் பி, அப்புறம் சி. கடலிலிருந்து தள்ளியுள்ள கேட்டி, சுகர்லேண்ட் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த மண்டலங்களுக்கு வெளியே இருக்கிறார்கள். இருந்தாலும் அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பாமல் உங்கள் ஜிப் கோடை நீங்களே வரைபடத்தில் பாருங்கள். கையில் இணையம் இல்லை என்றால் 211 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

இந்த மண்டலங்கள் காற்றை வைத்துப் போட்டவை அல்ல, கடல் நீரை வைத்துப் போட்டவை. புயல் கரையேறும்போது கடலை ஒரு மேடு போலத் தள்ளிக்கொண்டு வரும். 1900-ல் கால்வஸ்டன் தீவை அடித்த புயலில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். தீவையே கடல்நீர் மூடியதுதான் காரணம். தண்ணீர் என்றால் ஓடு, காற்று என்றால் ஒளிந்துகொள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக்கூட மனதில் நிற்கும், சொல்லிவையுங்கள்.

மண்டலத்துக்கு வெளியேதான் இருக்கிறோம். ஆனாலும் பயமாக இருக்கிறது. எதற்கும் கிளம்பிவிடலாமே?

2005 செப்டம்பரில் நாங்களும் இப்படித்தான் நினைத்தோம். நியூ ஆர்லியன்ஸைக் கத்ரினா புயல் மூழ்கடித்து நான்கு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. கூரைமேல் நின்று கையசைத்த ஜனங்களை எல்லாரும் டிவியில் பார்த்திருந்தோம். அந்த நேரத்தில் ரீட்டா ஐந்தாம் கேட்டகரியாகி, அதாவது காற்று வேகத்தின் உச்சப் படியைத் தொட்டு, வளைகுடாவில் நின்றது. ஊரே கிளம்பியது. 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ரோட்டுக்கு வந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அதில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கார்.

வியாழக்கிழமை விடியற்காலை ஆஸ்டினுக்குப் போகும் 290 நெடுஞ்சாலையில் ஏறினோம். வழக்கமாக மூன்று மணி நேரப் பயணம். பகல் முழுக்க ஊர்ந்ததில் நாற்பது மைல்கூடத் தாண்டவில்லை. வெயில் 100 டிகிரி. பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று ஏசியை நிறுத்திவிட்டோம். எட்டு மாதக் குழந்தை அழுது அழுது, மத்தியானத்துக்கு மேல் அழுகையையும் நிறுத்திவிட்டாள். அந்த அமைதிதான் எனக்கு உதறலெடுக்க வைத்தது. ஐஸ் பெட்டியில் உருகிக் கிடந்த தண்ணீரில் துண்டை நனைத்து அவள் நெற்றியிலும் பாதத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். எதிர்த் திசைப் பாதை காலியாகக் கிடந்தது. யாரோ ஒரு வயதான அம்மாள் தன் வீட்டு வாசலில் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு, போகிற கார்களை எல்லாம் நிறுத்தி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

கடைசியில் ரீட்டா கிழக்கே திரும்பி, டெக்சஸ்–லூயிசியானா எல்லையில் கரையேறியது. எங்கள் வீட்டில் ஒரு மரக்கிளை மட்டும் விழுந்திருந்தது. ஆனால் அந்த வெளியேற்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெயிலிலும் நெரிசலிலும் போனவர்கள் பலர். டாலஸுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச் சென்ற பஸ் தீப்பிடித்து, ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வெடித்து 23 பேர் போனார்கள். கடற்கரையிலிருந்து வந்தவர்கள், கட்டாயம் ஓட வேண்டியவர்கள், எங்களைப் போன்றவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் சொல்கிறேன்: மண்டலத்துக்கு வெளியே, உறுதியான வீட்டில், தண்ணீர் ஏறாத தெருவில் இருக்கிறீர்கள் என்றால் வீட்டிலேயே இருங்கள். அது சோம்பேறித்தனமும் இல்லை, அசட்டுத் துணிச்சலும் இல்லை.

அப்படியானால் ஹார்வியின்போது வீட்டிலிருந்தவர்கள் ஏன் மாட்டிக்கொண்டார்கள்?

2017 ஆகஸ்டில் ஹார்வி கரையேறியது இங்கிருந்து வெகு தொலைவில், ராக்போர்ட் பக்கம். ஆனால் நகராமல் நின்று நாட்கணக்கில் மழையைக் கொட்டியது. டெக்சஸிலேயே உள்ள நெடர்லாண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் பதிவானது. ஹூஸ்டனுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வரவில்லை, ரீட்டாவின் நினைவும் அதற்கு ஒரு காரணம். அத்தனை லட்சம் பேரும் வெள்ளம் ஓடும் சாலைகளில் காருக்குள் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத் தடுப்பு ஏரிகள் இருக்கின்றன. மழை இல்லாத நாளில் காடும் பூங்காவுமாகத்தான் தெரியும். அவற்றின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே வீடுகள் கட்டி விற்றிருந்தார்கள். வாங்கிய பலருக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபிறகுதான் விஷயமே தெரிந்தது. ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். என் ஜிப் கோடு எந்த மண்டலம்? என் தெருவில் மழைத் தண்ணீர் ஏறுமா? இரண்டாவதற்கு ஆம் என்றால் ஆஸ்டின் வரை ஓட வேண்டாம். மழைக்கு முந்தின நாளே, மேட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

கேட்டகரி ஒன்றுதானாமே, பரவாயில்லையா?

அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். மழை, கடல்நீர் இரண்டும் அதில் இல்லை. 2008-ல் ஐக் இரண்டாம் கேட்டகரி, கால்வஸ்டனையும் பொலிவார் தீபகற்பத்தையும் துடைத்துவிட்டுப் போனது. 2024 ஜூலையில் வந்த பெரில் முதல் கேட்டகரிதான், 22 லட்சம் இணைப்புகளுக்கு மேல் கரண்ட் போனது. அந்த ஜூலை வெயிலில் ஏசி இல்லாமல் வயதானவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

எப்போது கிளம்ப வேண்டும்?

காற்று வலுப்பதற்கு 48 மணி நேரம் முன்பு ஹரிகேன் வாட்ச் (வரலாம் என்ற அறிவிப்பு) வரும், 36 மணி நேரம் முன்பு வார்னிங் (வரப்போகிறது என்ற எச்சரிக்கை) வரும். வாட்ச் வந்த அன்றைக்கே பெட்டி கட்டி, டேங்க் நிரப்பி, தயாராக இருக்க வேண்டும். வெளியேற வேண்டியவை என்று உங்கள் மண்டலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வீட்டில் விவாதமே கூடாது.

ஐக் 2008 செப்டம்பர் 13 அதிகாலையில் கரையேறியது. ஆனால் பொலிவாரில் முந்தின நாள் காலையிலேயே கடல் ஏறி ஒரே ரோட்டையும் மூடிவிட்டது. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தவர்கள் அப்படியே சிக்கிக்கொண்டார்கள். பலரை ஹெலிகாப்டரில்தான் தூக்க வேண்டியிருந்தது. பெரிய புயல் என்றால் கடல் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

நான் பார்த்தவரை, நேரம் வீணாவது ரோட்டைவிட வீட்டுக்குள்தான் அதிகம். ஒருவர் போகலாம் என்பார், ஒருவர் பார்க்கலாம் என்பார், ஆபீஸில் லீவு சொல்லவில்லை என்பார் மூன்றாமவர். அந்தப் பேச்சை மே மாதத்திலேயே, வானம் தெளிவாக இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்: எந்த உத்தரவு வந்தால் கிளம்புவோம், யார் வீட்டுக்கு, எந்த ரோட்டில், எந்தக் காரில்.

எவ்வளவு தூரம் போக வேண்டும்?

தண்ணீர் எட்டாத இடம் வரை. அது பெரும்பாலும் சில பத்து மைலுக்குள் கிடைத்துவிடும். கால்வஸ்டன், கெமா பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்டியிலோ சைப்ரஸிலோ ஒரு நண்பர் வீடு போதும். டாலஸ்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்குள்ள மீனாட்சி கோயிலிலோ பிள்ளைகளின் தமிழ் வகுப்பிலோ பழகிய யாராவது ஊரின் ஒவ்வொரு மூலையிலும் இருப்பார்கள். புயல் இல்லாத நாளில் வாய்விட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நாளை அவர்களுக்கு நீங்கள் உதவுவீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எப்படிச் சமாளிப்பது?

முதலில் அவர்களிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லுங்கள். பயப்படுவார்கள் என்று மறைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் எழுந்திருங்கள் என்றால் இன்னும் பயப்படுவார்கள். ஐக் வந்தபோது என் மாமியார் இங்கே இருந்தார். கீழத்தஞ்சைக் கரையில் 1952 புயலைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர். விவரம் சொன்னதும் எங்களைவிட நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

மாத்திரைகளில் கவனம் வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர், சுகர் மாத்திரைக்கு இங்கே பார்மசியில் பெயரே வேறாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு உள்ளதைத் தனிப்பையில் போட்டு, மருந்தின் மூலப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி உள்ளே வையுங்கள். இன்சுலினைக் கூல் பையில் வைக்கலாம், ஆனால் ஐஸ்மேல் நேராகப் படக்கூடாது, உறைந்தால் வீண். பாஸ்போர்ட், விசிட்டர் இன்சூரன்ஸ் அட்டை அவர்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி, பல்செட், கேட்கும் கருவியின் பேட்டரி, இவைதான் மறக்கிறவை. காரில் கால் வீங்கும், வாய்ப்பு கிடைக்கும் இடத்தில் இறக்கி இரண்டு நிமிடம் நடக்க வையுங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், அதை விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துக்கொள்வது?

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர் என்பது கணக்கு. சாப்பாட்டில், தயிர்சாதம் வேண்டாம். ரீட்டாவில் எங்களுடையது மத்தியானமே பொங்கிப் புளித்துவிட்டது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, தேங்காய் சேர்க்காத புளியோதரை, சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் முதல் நாளுக்குத் தாங்கும். அதற்கு மேல் முறுக்கு, அவல், பிஸ்கட், வேர்க்கடலை, வாழைப்பழம். குழந்தைக்குப் பவுடர் பாலும் அதைக் கரைக்கத் தனி பாட்டில் தண்ணீரும்.

பத்திரங்கள், நகைகள்?

பாஸ்போர்ட், கிரீன் கார்டு அல்லது விசா அப்ரூவல் கடிதம், பிறப்பு மற்றும் திருமணச் சான்றுகள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, வீட்டு இன்சூரன்ஸ், கார் டைட்டில். எல்லாம் ஒரே ஜிப் கவரில் போட்டு, போட்டோவும் எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் தொலைந்த இந்தியப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கும் அலைச்சல் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நகையை அலமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேங்க் லாக்கரிலும் வெள்ளம் புகலாம், அங்கே வைப்பதானாலும் காற்றுப் புகாத கவரில் வையுங்கள்.

இரண்டு காரையும் எடுத்துக்கொண்டு போகலாமா?

ஒன்று போதும். இரண்டு கார் என்றால் இரண்டு டேங்க் பெட்ரோல், இரண்டு களைத்த டிரைவர்கள், நடுவில் பிரிந்துபோகும் அபாயம். மற்றதை மேடான பார்க்கிங் கட்டடத்தின் மேல்தளத்தில் விடுங்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் கடல்நீர் ஏறும் இடத்தில், முக்கியமாக வீட்டை ஒட்டிய கராஜில், விடவே விடாதீர்கள். உப்புத் தண்ணீர் புகுந்த பேட்டரி பிறகு தீப்பிடித்த சம்பவங்கள் ஃபுளோரிடாவில் நடந்திருக்கின்றன.

வழியில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓர் அடித் தண்ணீரே சின்னக் காரை மிதக்க வைத்துவிடும்.

கார் ஓட்டத் தெரியாத மாணவர்கள் என்ன செய்வது?

211-க்குப் போன் செய்தால் வண்டிக்கு ஏற்பாடு உண்டு. வண்டி வசதி இல்லாதவர்கள், உடல்நலக் குறைவுள்ளவர்கள் முன்கூட்டியே பெயர் பதிய டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது, அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்புறம், குடும்பமாக இருப்பவர்கள் தங்கள் தெருவில் இருக்கும் மாணவர்களை நினைத்துப் பாருங்கள். பின்சீட்டில் ஓர் இடம் இருந்தால் கூப்பிடுங்கள்.

நாங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம். முகாமில் தங்கலாமா? உதவி கிடைக்குமா?

தங்கலாம். செஞ்சிலுவைச் சங்க முகாம்களில் குடியுரிமை கேட்டுத்தான் சேர்ப்பது என்பது கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், மீட்பு எல்லாருக்கும் பொது. ஆனால் மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா தரும் பண உதவி வேறு. அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இன்னும் சில பிரிவினருக்கும்தான், எச்1பி அதில் வராது. அதே சமயம் இங்கே பிறந்த பிள்ளை உங்களோடு இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயரில் குடும்பத்துக்காக விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் விட்டவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே, வெள்ளத்துக்குப் பணம் வருமா?

சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது. வெள்ள இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும், அரசுத் திட்டத்தில் எடுத்தால் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் டிவியில் தெரிந்தபிறகு எடுத்துப் பிரயோஜனம் இல்லை. ஏப்ரலிலேயே எடுங்கள்.

வீட்டைப் பூட்டுவதற்கு முன்?

போனில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். அலமாரியைத் திறந்து, டிவி, வாஷர் ஆகியவற்றின் பின்னால் உள்ள எண்கள் தெரியும்படி எடுத்தால் நல்லது. தொட்டிச் செடி, ஊஞ்சல், குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவையுங்கள், காற்றில் பறந்து பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கும். சாமி விளக்கை அணைத்தாயிற்றா என்று பாருங்கள்.

ஃபிரீசரில் ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை நம்புவது?

தேசிய ஹரிகேன் மையத்தின் அறிக்கை எங்கள் நேரப்படி காலை 4, 10, மாலை 4, இரவு 10 என்று நாளுக்கு நான்கு முறை வரும். அதைப் பாருங்கள், உள்ளூர் அதிகாரிகள் சொல்வதைக் கேளுங்கள். அந்த மையம் வெளியிடும் கூம்பு வடிவப் படத்தைத் தப்பாகப் படிக்காதீர்கள். புயலின் மையம் எங்கே போகலாம் என்பதைத்தான் அது காட்டும், அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் மையம் அதற்குள் இருக்கும். கோட்டுக்கு வெளியே இருப்பதால் நமக்கு ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். அப்புறம், ஊரில் ஒருவரைத் தகவல் மையமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு என் தம்பி. கால் போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் போய்விடும். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவனிடம் கேட்டுக்கொள்வார்கள், நம் போன் சார்ஜும் மிஞ்சும்.

எப்போது திரும்பலாம்?

அதிகாரிகள் திரும்பலாம் என்று சொன்னபிறகு, பகல் வெளிச்சத்தில். ரோட்டில் கிடக்கும் கம்பிகள் எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் காரிலேயே பெரியவர் ஒருவரோடு விட்டுவிட்டு, பூட்ஸ் போட்ட ஒருவர் மட்டும் முதலில் உள்ளே போகட்டும். கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். நனைந்த கார்ப்பெட்டில் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும், எடுப்பதற்கு முன் போட்டோ எடுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி வெளியே வையுங்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புயலில் தப்பித்த குடும்பம் மறுநாள் இரவு தூக்கத்திலேயே போய்விடுவது ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பிறகும் நடக்கிறது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இன்றைக்கே வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டிவிடுங்கள்.